கிழக்கு மேட்டில் என்ன இருக்கிறது

டாக்டரம்மா, அந்த நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அதற்கு ஒரு கால் குட்டை. தெரியாமல் சாய்ந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். சரிசெய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. தனியாக இருக்கிறவன் வீட்டுக்கு யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று நீங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிழக்கு மேட்டைப் புதிதாக வாங்கியவருடைய ஆடுகள் மூக்கில் ரத்தம் வடியச் செத்துக் கிடந்ததாகச் சொன்னார்கள். அவர் கையிலும் ஏதோ புண்ணாம். நீங்கள் பார்த்த மாத்திரத்தில் அடைப்பான், ஆந்த்ராக்ஸ் என்று சொல்லி, அவரை அந்த இடத்திலேயே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். நல்ல காரியம். செத்த மாட்டைப் புதைத்த மண்ணிலிருந்துதான் இது வரும், பழைய குழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தவர் யார் என்று கேட்டீர்களாம். ஊரில் பழைய ஆள் நான்தான் என்று எல்லோரும் என் வீட்டைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

இடத்தைக் காட்டுகிறேன். வெயில் கொஞ்சம் தாழட்டும், என் முழங்காலுக்கு அந்த ஏற்றம் இப்போது ஒத்துவருவதில்லை. அதுவரை நடந்ததைச் சொல்கிறேன். கேட்டால் சொல்கிறவன் நான். கேட்காததை வலியப்போய்ச் சொல்கிற பழக்கம்தான் எனக்குக் கிடையாது.

இது ஒரே தெரு உள்ள ஊர். தெருவுக்குக் கீழே வயல், மேலே மேய்ச்சல். கீழே உழுகிறவர்கள், மேலே மேய்க்கிறவர்கள் என்று பேச்சுக்குத்தான் சொல்வோமே தவிர, பெண் கொடுத்துப் பெண் எடுத்து எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்று. அறுப்பு முடிந்த வயலில் எங்கள் ஆடுகளை அடைப்போம். நிலத்துக்கு எரு கிடைக்கும், எங்களுக்குத் தானியம் கிடைக்கும். ஆடு பயிரில் வாய் வைத்துவிட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள். அடுத்த வாரம் அதே ஆள் வந்து, "எங்க வயல்ல எப்போ ஆடு அடைக்கப்போறே?" என்று நிற்பான்.

எனக்கு மீசை அரும்பாத வயதில் ஒரு கோடையில் அந்த நோய் வந்தது. மேய்ந்துகொண்டிருந்த மாடு நின்ற இடத்திலேயே விழும். வயிறு உப்பும். கறுத்த ரத்தம் ஒழுகும், உறையாது. ஊர் கூடிக் கிழக்கு மேட்டில் பெரிய குழி வெட்டியது. கயிறு கட்டி இழுத்துப்போனவர்களில் நானும் ஒருவன். தோலையாவது உரித்துக்கொள்கிறேன் என்று கத்தியோடு வந்த ஒருவரை என் அப்பா நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அவர் யாரையும் தொட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். சுண்ணாம்பு கொட்டி, மண் தள்ளி, குழியைச் சுற்றி வளையமாகக் கல் அடுக்கினார்கள். கல்லுக்கு மேல் முள்.

அந்த வருஷம் பாதித் தெரு பூட்டிக்கொண்டு போனது. போனவர்கள் திரும்பவில்லை. தங்கிய பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு வேறு வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் அந்த வீடுகளைத் திறந்து பெருக்கிக் குடியேறினார்கள். அவர்களுக்கு அது வெறும் கல்லும் முள்ளும். என் தம்பிக்கும் அப்படித்தான். குழி வெட்டியபோது அவன் அம்மா வயிற்றில் இருந்தான்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது ஆடுகளை எனக்கும், கிழக்கு மேட்டோடு சேர்த்து நிலத்தைத் தம்பிக்கும் என்று பிரித்தார். அதோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கல்லு நகரக் கூடாதுடா. சின்னவனுக்கு நீதான் சொல்லணும்" என்றார். சரி என்றேன். சொல்லக்கூடாது என்று அப்போது நினைக்கவே இல்லை. தகுந்த நேரம் வரட்டும் என்று வைத்திருந்தேன்.

என் தம்பியைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. தங்கமான பையன். தூரத்தில் வரும்போதே சிரிப்பு முன்னால் வந்துவிடும். இருட்டோடு எழுந்து வயலுக்குப் போவான், களைத்துத் திரும்பும்போதும் என் வீட்டு வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டான். அவனுடைய சொற்ப நிலத்தில் என்ன போட்டாலும் வந்தது. அதிர்ஷ்டம் என்றார்கள். அதிர்ஷ்டம் இல்லை, உழைப்பு. நான் எதையும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. என் மனைவிகூட அடுப்படியில் நின்றுகொண்டு, "கொழுந்தனார் மாதிரி ஒரு ஆம்பளை இருந்தா வீடு எப்படி இருக்கும்" என்பாள். எனக்குக் கேட்கவேண்டும் என்று சொல்லவில்லை, தானாக வந்த பேச்சு. அதுதான்.

ஊருக்குப் பொதுவான தெற்குச் சரிவில்தான் என் ஆடுகள் மேயும். அதை உழ விருப்பமுள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் யோசனை சொன்னவன் தம்பி. ஊர் பெருகிவிட்டது, எல்லோருக்கும் நிலம் வேண்டும் என்றான். நியாயம்தான். எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "அண்ணே, உனக்குச் சம்மதந்தானே?" என்றான். சபையில் தம்பியை எதிர்த்துப் பேசுவது அழகில்லை. சம்மதம் என்றேன். மறு மாதமே சரிவு முழுக்க வேலி. ஓடைக்கு இறங்கும் பாதையும் வேலிக்குள் போய்விட்டது. ஆடுகளைத் தண்ணீருக்கு மலையைச் சுற்றி ஓட்டவேண்டி வந்தது. அந்த வெயிலில் குட்டிகள் தாங்கவில்லை. கால் மடங்கி விழுந்ததைத் தோளில் போட்டுக்கொண்டு வருவேன், வீடு வருவதற்குள் தலை தொங்கிப்போகும்.

ஒருநாள் அப்படி வந்ததைத் தம்பி பார்த்துவிட்டான். வேலியைத் தாண்டி ஓடிவந்து செத்த குட்டியை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"எதுக்குண்ணே இந்தப் பாடு? ஆட்டை வித்துடு. என்கூட வந்து உழு. நான் இருக்கிறப்ப நீ கஷ்டப்படுவியா?"

மனசார வந்த பேச்சு. அதில் ஒரு துளி கள்ளம் இல்லை. அவன் என்னைத் திட்டியிருந்தால், ஏமாற்றியிருந்தால், நான் மறந்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் என் ஆட்டுப் பட்டிக்குச் சுவர் எழுப்பினேன். அதற்குக் கல் வேண்டியிருந்தது. கிழக்கு மேட்டுக் கல் நல்ல கல், ஒரே அளவு, அடுக்க வாகானது. முள்ளை அடுப்புக்கு எடுத்துக்கொண்டோம். மழை பெய்து புல் மூடியதும் மேடு மற்ற மேடுகளைப் போலவே ஆகிவிட்டது. சொல்லப்போனால் மற்றதைவிடப் பசுமையாக இருந்தது. இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. சுவருக்குக் கல் வேண்டியிருந்தது, எடுத்தேன். ஓடையில் கல் கிடக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கிடக்கிறதுதான்.

சரிவெல்லாம் உழவானபிறகு தம்பியின் சொந்த மாட்டுக்கும் ஆட்டுக்குமே மேய இடமில்லாமல் போனது. அவன் என்னிடம் வந்தான்.

"கிழக்கு மேடு சும்மாதானே கெடக்கு. அங்க என்னண்ணே இருக்கு?"

"புல்லுதான் இருக்கு" என்றேன்.

உண்மைதானே, டாக்டரம்மா. அன்றைக்கு அங்கே கண்ணுக்குத் தெரிந்தது புல்தான்.

வேலிக்கால் நடக் குழி தோண்ட வேண்டும், அவனுடைய கடப்பாரை வளைந்திருந்தது. என்னுடையதைக் கொடுத்தேன். மேட்டின் மேல் அவன் குத்துகிற சத்தம் என் வீட்டு வாசல்வரை கேட்டது. மண்ணில் இறங்கும்போது ஒரு மாதிரியும் இற்றுப்போன எலும்பில் இறங்கும்போது வேறு மாதிரியும் கேட்கும். சாயங்காலம் கடப்பாரையைத் திருப்பித் தரும்போது, "அடியில சுண்ணாம்பா வருதுண்ணே, வெள்ளை வெள்ளையா" என்றான். அந்தப் பக்கத்து மண் அப்படித்தான் என்றேன். அதன் நுனியை நெருப்பில் காட்டிய பிறகுதான் உள்ளே எடுத்து வைத்தேன்.

முதலில் தடுமாறியது அவன் வளர்த்த கொழுத்த கிடா. மேட்டிலிருந்து இறங்கி வரும்போதே கால் பின்னியது. "பாம்பு தீண்டியிருக்குமோ?" என்றான். இருக்கும் என்றேன். இருந்திருக்கவும் கூடும். உயிர் இருக்கும்போதே அறுத்துவிட்டால் கறியாவது வீணாகாது என்று தெருக்கோடித் தோல்காரரைக் கூட்டிவந்தான். அவர் உரிக்க, தம்பி பிடித்துக்கொண்டான். ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியது. அவர்கள் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டால் போகாமல் இருப்பது மரியாதை இல்லை.

தம்பிக்கு ஒரே பெண். துறுதுறுவென்று ஓர் இடத்தில் நிற்காது, அதனால் குருவி என்று கூப்பிடுவோம். என் மகனைவிட ஒரு வயது சின்னவள். பசி தாங்கவில்லை என்று இரண்டும் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தன. தம்பி மனைவி ஈரல் துண்டுகளைத் தணலில் லேசாக வாட்டி ஆளுக்கொரு தட்டில் கொடுத்தாள். உள்ளே சிவப்பாகவே இருந்தது. என் மகன் வாயருகே கொண்டுபோகும்போது நான் எட்டி அவன் தட்டை வாங்கிக்கொண்டேன். வெளியே போய் நாய்க்கும் எட்டாதபடி மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது குருவி விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, அண்ணனுக்குத் தரலையா? பாவம்" என்றாள்.

தம்பி மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கையில் கரண்டி இருந்தது. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி, மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நன்றாக வேகவைத்துச் சாப்பிட்ட பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்து தேறிவிட்டார்கள். நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை அவனுடைய உழவு மாடு விழுந்தது. அதைப் பார்க்க என்னைக் கூப்பிட்டபோது தம்பியின் மணிக்கட்டில் ஒரு கொப்புளம் இருந்தது. நடுவில் கரி ஒட்டினாற்போலக் கறுப்பு. வலிக்கவே இல்லை என்று அழுத்திக் காட்டினான். சூடு பட்டிருக்கும், களிம்பு தடவு என்றேன். சாயங்காலத்துக்குள் கை தோள்வரை வீங்கிவிட்டது. குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் வண்டி பிடித்தது நான்தான். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூடப்போனதும் நான்தான். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அந்தப் பெரியவர் அன்று பட்ட பாடு என்றுதான் சொல்வார்கள். தம்பி ஒரு பக்கம் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு, அவன் தலையை மனைவி பிடித்துக்கொண்டு. குருவி என் மடியில். பாதை முழுக்கக் குண்டும் குழியும்.

"பெரியப்பா, மெதுவாப் போகச் சொல்லு. வலிக்குது."

வண்டிக்காரரிடம் மெதுவாக ஓட்டச் சொன்னேன். குழந்தை கேட்கும்போது எப்படி மறுப்பது?

குழந்தை அங்கேயே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அடங்கிவிட்டாள். தம்பிக்கு மறுநாள் முடிந்தது. கடைசியில் அவனுக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இவளைப் பாத்துக்க" என்றான். பார்த்துக்கொண்டேன். அந்த வருஷமே அவளுடைய வயலை உழுது கொடுத்தேன். தெற்குச் சரிவில் அவன் போட்ட வேலியையும் எடுத்துவிட்டேன். ஆடுகள் மறுபடி ஓடைக்கு நேராக இறங்கின.

அறுத்த மறுநாளே தோல்காரர் தன் மகள் ஊருக்குப் போயிருந்தார். அங்கே அவர் கையும் வீங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்டதும் நோய்க் கிடாவின் தோலை உரித்தேன் என்று சொல்லியிருக்கிறார். ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டார். கையில் தழும்போடு திரும்பி வந்து தெருவில் நின்று இதைச் சொன்னபோது தம்பி மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தையில் வாங்கிய மாட்டோடு நோய் வந்திருக்கும் என்று ஊர் பேசி முடித்துக்கொண்டது. நான் குறுக்கே பேசவில்லை.

அன்றைக்கு மாலை அவள் என் பட்டிக்கு வந்தாள். நான் ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு உங்க பையன் தட்டை மட்டும் ஏன் வாங்குனீங்க?"

"அவனுக்கு அன்னைக்கு வயிறு மந்தமா இருந்துச்சும்மா."

"அப்படியா" என்றாள். பட்டிச் சுவரின் மேல் கையை வைத்தாள். ஒரு கல்லை உள்ளங்கையால் தடவினாள். போய்விட்டாள். அதன்பிறகு அவள் அதைக் கேட்டதில்லை. கிழக்கு மேட்டுப் பக்கம் அவள் யாரையும் போகவிட்டதும் இல்லை. இப்போது அவளுக்கு உடம்பு முன்போல இல்லை, வைத்தியச் செலவுக்கு என்று அவள் கூடப்பிறந்தவனுடைய மகன்தான் அவளைக் கேட்காமல் மேட்டை விற்றுவிட்டான்.

என் மனைவி போனபிறகு, எனக்கு மதியச் சாப்பாடு அவள்தான் கொண்டுவருகிறாள். யாரும் சொல்லவில்லை, அவளாக. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிரே, அந்த வாசல் நிலையில் சாய்ந்து நிற்பாள். நான் முதல் வாய் எடுத்து வைக்கிறவரைக்கும் கண்ணை எடுக்க மாட்டாள். நான் விழுங்கியதும் திரும்பிப் போவாள். ஒருநாள் தவறியது கிடையாது. ஆரம்பத்தில் கொஞ்சம் தயங்கினேன். பூனைக்கு வைத்துப் பார்த்த நாளும் உண்டு. இப்போது பழகிவிட்டது. மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மகன் வருவதில்லை. வெளியூரில் நல்ல வேலை. போனதடவை வந்தது அவனுடைய அம்மாவைப் புதைக்க. புறப்படும்போது, "அப்பா, நான் பொழைச்சதை நினைச்சாலே எனக்குச் சாப்பாடு இறங்கலை" என்றான். என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று தெரியவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிய தகப்பனிடம் பேசுகிற பேச்சா அது?

பட்டியை அடைத்துத் தாழ்ப்பாளைப் போடும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "அண்ணே." அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. களைத்துத் திரும்பும்போது வாசலில் நின்று கூப்பிடுவானே, அதே குரல். ஆடுகள் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்கிப் பார்க்கும், அதனால் என் காதின் கோளாறு இல்லை என்று தெரியும். நான் "என்னடா?" என்பேன். ஆடுகளை விற்றுவிட்டேன், பட்டி வெறுமனே கிடக்கிறது. இருந்தாலும் பொழுது சாயும்போது போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் வருவேன். கூப்பிடுகிறவனுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

ஒன்று பாக்கி இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை, தம்பி மனைவியிடமும் சொன்னதில்லை. நீங்களும் டாக்டர் என்பதால் சொல்கிறேன்.

அன்று டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தவர் வயது குறைந்த டாக்டர். கூட்டம், அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இருந்தும் தம்பி கையைப் பார்த்ததும் நின்றார். புண்ணை விரலால் சுற்றிப் பார்த்தார். குழந்தையின் வயிற்றைத் தொட்டார். அப்போது குழந்தைக்கு உயிர் இருந்தது. தம்பி மனைவி தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பெரியவரே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல ஆடு மாடு ஏதாவது நோய்ல விழுந்துச்சா? அதை அறுத்தீங்களா, சாப்பிட்டீங்களா? அப்படின்னா இப்பவே மருந்து இருக்கு."

மேசைமேல் அந்த மருந்துப் பெட்டி இருந்தது. எட்டினால் தொடலாம். நான் யோசித்துத்தான் சொன்னேன். ஆமாம் என்றால் இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்பார். தெரிந்தே விட்டாயா என்பார். ஊருக்குத் தெரிந்துபோகும். என் மகனுக்குத் தெரிந்துபோகும். குருவி என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. அப்படி எதுவும் இல்லை" என்றேன்.

வயிற்றுப்போக்கு என்று குழந்தைக்கு ஏதோ எழுதினார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அது ஒன்றுதான் நான் சொன்ன பொய். மற்றதெல்லாம் நான் சொல்லாமல் விட்டது, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

வெயில் இறங்கிவிட்டது, போகலாம். எழுந்திருக்கக் கொஞ்சம் கை கொடுங்கள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள், டாக்டரம்மா? வெளியாட்களுக்குக் கேட்கும்போது இது வேறு மாதிரித்தான் படும். என்னைத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். என் தம்பி மட்டும் இன்றைக்கு உயிரோடு இருந்தால், எனக்காக உங்களிடம் முதலில் வந்து பேசுகிறவன் அவனாகத்தான் இருப்பான்.